முதல் நாற்காலி

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிறீங்களாக்கா? எனக்காக இல்ல, எனக்கு ஒண்ணும் செய்யாது. முன்னால ரெண்டு சீட்டு தள்ளி உக்காந்திருக்கா பாருங்க, பச்சை ஸ்வெட்டரு, மடியில கறுப்புப் பெட்டி, அது எம்பொண்ணு. தலைய வெளியே நீட்டிக்கிட்டே வர்றா. இப்படி வந்தா சளி பிடிக்கும், சளி பிடிச்சா மூச்சு இழுக்கும், அப்புறம் நான்தான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையணும். நம்ம ஜன்னலைச் சாத்துனா அவளுக்கு எப்படிக் காத்து நிக்கும்னு பாக்குறீங்க. அதுவும் சரிதான். நான் போய்ச் சொன்னா கேக்க மாட்டா. நீங்க சொல்லிப் பாருங்களேன். வேணாம், விடுங்க. வளைவெல்லாம் முடியட்டும்.

அவ பக்கத்துலயே இடம் இருந்துச்சுக்கா. நான் உக்காரப் போனேன், பெட்டியத் தூக்கி அந்த இடத்துல வச்சுட்டா. நான் இங்க வந்து உக்காந்த பின்னாடி ஒரு பெரியவர் ஏறினாரு, அவரு கேட்டதும் பெட்டிய எடுத்து மடியில வச்சுக்கிட்டு இடம் விட்டா. ஊர் பேர் தெரியாதவரு உக்காரலாம், பெத்தவ உக்காரக் கூடாது. கொடைக்கானல்ல வண்டி ஏறுனதுலேருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. பிஸ்கட் குடுத்தேன், வாங்கல. தண்ணி குடுத்தேன், குடிச்சா. பாட்டிலத் திருப்பிக் குடுக்கல. எனக்குத் தாகமா இருக்கு, கேக்கப் பயமா இருக்கு.

அவ நல்ல பொண்ணுக்கா. எல்லாம் அந்த மாஸ்டர் பண்ணுன வேலை.

நீங்க எங்க இறங்கணும்? நிலக்கோட்டையா? அப்ப நேரம் இருக்கு. நாங்க திண்டுக்கல். நிலக்கோட்டையிலயே இறங்கி வேற வண்டி மாறிக்கலாம்னு கண்டக்டர் சொன்னாரு, மதுரை வரைக்கும் போய்ச் சுத்த வேணாம்னாரு. வீட்டுக்காரரு ஸ்பின்னிங் மில்லு. நான் வீட்டுலயே தையல். ஜாக்கெட்டு, சுடிதாரு, லீவு முடியப் போகுதுன்னா பள்ளிக்கூட யூனிஃபாரம். நான் ஏழாவதோட நின்னவ. இவ பத்தாவது போகப் போறா. ஹெப்சிபான்னு பேரு, வீட்டுல ஹெப்சி.

அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க? தையல் மெஷினோட தலையா? நல்லாக் கேட்டீங்க. ட்ரம்பெட்டுக்கா. கல்யாண ஊர்வலத்துல பேண்டுக்காரங்க முன்னால ஊதிட்டுப் போவாங்கள்ல, மஞ்சளா மின்னும், மேல மூணு பொத்தான் இருக்கும், அது. பள்ளிக்கூடத்து பேண்டுல சேந்தா. பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்குன்னு எங்க தெருவே கேட்டுச்சு. நானும் முதல்ல கேட்டேன். காலைல எந்திரிச்சதும் ஒரே சத்தத்தை நீட்டி நீட்டி ஊதுவா. அடுத்த வீட்டுக்காரி வந்து, "உங்க வீட்டுல மாடு கன்னு போடுதா"ன்னு கேட்டுட்டுப் போனா. அப்புறம் பழகிருச்சு. அவ ஊதலைன்னா எனக்கு மெஷின்ல கால் ஓடாது. அந்த வாய் வைக்கிற பித்தளைத் துண்டு இருக்குல்ல, மவுத்பீஸுன்னு சொல்லுவா, அது கீழ விழுந்து நசுங்கிறக் கூடாதுன்னு சிவப்பு வெல்வெட்டுல ஒரு சுருக்குப் பை தைச்சுக் குடுத்தேன். உள்ள பஞ்சு வச்சு. மத்தப் புள்ளைங்க அம்மாக்களெல்லாம் வந்து தைச்சுத் தரச் சொன்னாங்க.

போன சுதந்திர தினத்துக்கு மைதானத்துல பேண்டு. எல்லாரும் நிறுத்த, இவ மட்டும் ஒரு அடி முன்னால வந்து நின்னு ஊதுனா.  பக்கத்துல நின்னவங்ககிட்டயெல்லாம் எம்பொண்ணு, எம்பொண்ணுன்னு சொன்னேன். கேக்காதவங்ககிட்டயும் சொன்னேன். அதெல்லாம் நல்லாத்தான் போச்சு. எங்க பெரிய நாத்தனாரும் வந்திருந்தாங்க. வீட்டுக்காரருக்கு அக்கா. எல்லாம் முடிஞ்சு ஹெப்சி ஓடி வந்து சிரிச்சுக்கிட்டு நிக்கிறா, அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "ஊதும்போது பாக்க லட்சணமா இருக்கு. ஊதி முடிச்சுட்டுச் சிரிக்காம மட்டும் இருக்கச் சொல்லு."

எம்பொண்ணுக்கு மேல் பல்லு கொஞ்சம் முன்னால வரும். எனக்கும் அப்படித்தான், பாருங்க. எனக்கு யாரு சரி பண்ணி விட்டா. நாத்தனார் சொன்னதுல ஹெப்சி முகம் சுருங்குனது எனக்குத்தான் தெரியும். அவளக் கேட்டா இல்லன்னுவா. "அத்தை சொன்னதை நீ ஏன்மா தூக்கிச் சுமக்குற"ன்னுவா. அதெல்லாம் பேச்சுக்கா. பொண்ணுக்கு வலிக்காம இருக்குமா?

அதான் இந்த லீவுக்குப் பல்லுக்குக் கம்பி போட்டு விட்டேன். கிளிப்புன்னு சொல்றாங்க. லீவு விட்டதும் முதல் வேலையாக் கூட்டிட்டுப் போயிட்டேன். இவ என்ன சொன்னா, "அம்மா, கேம்ப் முடிச்சுட்டு வந்து போட்டுக்கிறேன்"னா. இவங்க அப்பாவும் வாயத் தொறந்தாரு, "அவ கேக்குறாளே, அப்புறமாப் போட்டா என்ன"ன்னு. கேம்ப் முடிஞ்சா பள்ளிக்கூடம் தொறந்துரும். பத்தாவது. அப்ப யாரு ஆஸ்பத்திரிக்கு அலையறது? எதையும் தள்ளிப் போட்டா எனக்குத் தூக்கம் வராது. "பல்லுக்குத்தானடி கம்பி, ஊதுறது வாயாலதான"ன்னு சொன்னேன். அவ என்னைப் பாத்தா.  சரின்னு வந்து உக்காந்துட்டா. சொன்ன பேச்சு கேக்குற பொண்ணுக்கா அவ. இப்பத்தான் இப்படி.

டாக்டர் உள்ள கம்பி மாட்டி முடிக்கவும், நான் வெளிய வந்து நாத்தனாருக்குப் போன் போட்டேன். "இனிமே எம்பொண்ணு நல்லாவே சிரிப்பா"ன்னு சொல்லிட்டுத்தான் வச்சேன்.

கேம்ப்புன்னா என்னன்னு கேக்குறீங்களா? இந்த மாதிரி ஊதுற புள்ளைங்களுக்குன்னே கோடையில மேல ஒரு பள்ளிக்கூடத்துல நடத்துறாங்க. ட்ரம்பெட், கிளாரினெட், அப்புறம் இழுத்து இழுத்து ஊதுவாங்களே, அது. எங்கெங்கேயோ இருந்து புள்ளைங்க வருது. போன வருசமும் போனா. காலைல பனியில மைதானத்துல நிக்க வச்சு மூச்சு இழுக்கச் சொல்வாங்களாம். வாத்தியம் இல்லாமயே உதட்ட மட்டும் ப்ர்ர்ருன்னு அடிக்கச் சொல்வாங்களாம், குதிரை மாதிரி. வீட்டுக்கு வந்தும் ஒரு மாசம் அப்படியே அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சா. சோறு வாங்க வரும்போதும் ப்ர்ர்ரு.

அங்க ஒரு வழக்கம் இருக்குக்கா. நாற்காலிய வரிசையாப் போட்டிருப்பாங்க. நல்லா ஊதுறவங்களுக்கு முதல் நாற்காலி. ஆனா அது யாருக்கும் சாசுவதம் கிடையாது. பின்னால இருக்கிற புள்ளை, எனக்கு அந்த நாற்காலி வேணும்னு கேக்கலாம். மாஸ்டர் சுவரைப் பாத்துத் திரும்பி நின்னுக்குவாரு. ரெண்டு பேரும் ஒரே பாட்ட ஊதணும். யாரு ஊதுனாங்கன்னு தெரியாமயே எது நல்லாயிருக்குன்னு சொல்லுவாரு. போன வருசம் எத்தனை பேரு கேட்டாங்க, எம்பொண்ணு ஒருதடவை கூட எழுந்திரிக்கல. கடைசி நாள் கச்சேரியில முதல் நாற்காலியில உக்காந்திருந்தா. போட்டோ வச்சிருக்கேன். அப்புறமாக் காட்டுறேன், சார்ஜ் கம்மியா இருக்கு.

இந்த வருசமும் அதே நாற்காலிதான்னு நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன். நாத்தனாருக்கும் சொன்னேன். "வீடியோ எடுத்து அனுப்பு, பாக்குறேன்"னாங்க.

ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வீட்டுக்குப் பேச விடுவாங்க. முதல் வாரம் பேசுனா. "நல்லா இருக்கேன்மா, குளிருது"ன்னா. முதல் நாற்காலிதானன்னு கேட்டேன், ம்னா. அடுத்த வாரம் பேசும்போது பேச்சே குழகுழன்னு வருது. "வாயில என்னடி வச்சிருக்க"ன்னேன். ஒண்ணுமில்லைன்னா. "முதல் நாற்காலிதான?" மழை பெய்யுதுன்னா. அப்புறம், "நல்ல இடத்துல உக்காந்திருக்கேன்மா"ன்னா. எனக்கு அப்பவே சரியாப் படல. இவருகிட்ட சொன்னேன், "நீயா எதையாச்சும் நினைச்சுக்காத"ன்னாரு. நான் நினைச்சுக்காம வேற யாரு நினைப்பா?

இன்னைக்கு சாயந்திரம் கச்சேரி. பெத்தவங்க நேத்தே வரலாம்னு சொல்லியிருந்தாங்க, ஒத்திகையப் பாக்கலாம்னு. நான் நேத்து மத்தியானமே போய்ச் சேந்துட்டேன். பெரிய ஹாலு. உள்ள போகும்போது மத்ததெல்லாம் நின்னுபோச்சு, ஒரே ஒரு வாத்தியம் மட்டும் வாசிச்சுக்கிட்டிருந்துச்சு. ட்ரம்பெட் மாதிரி கணீர்னு இல்லக்கா. கனமா, மெதுவா, அடிவயித்துலேருந்து வர்ற மாதிரி. எங்கப்பா செத்தப்ப நான் அழல. என் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சாச்சு, அழுதா நின்னுபோயிருமோன்னு பயந்து பயந்து அழாமயே விட்டுட்டேன். நேத்து அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அங்கயே வாசல்ல நின்னு கண்ணத் தொடச்சுக்கிட்டேன். யாரு பெத்த புள்ளையோ நல்லா வாசிக்குதுன்னு நினைச்சேன். நின்னு கேக்கல. எனக்கு எம்புள்ளையப் பாக்கணும்ல. போனக் கையில எடுத்து வீடியோவப் போட்டுட்டு முன்னால போனேன்.

முதல் நாற்காலியில ஒரு பையன் உக்காந்திருக்கான். ராஜபாளையமாம். காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். ரெண்டாவது நாற்காலி, இல்ல. மூணாவது, இல்ல. வரிசை வரிசையாத் தேடுறேன். கடைசி வரிசையில, சுவரை ஒட்டி, மடியில பித்தளை அண்டாவத் தூக்கி வச்ச மாதிரி பெருசா ஒண்ணு. அதுக்குப் பின்னால ரெண்டு கண்ணு மட்டும் தெரியுது. எம்பொண்ணு.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

நேரா நடுவுல போய் நின்னேன். இருதயராஜ் மாஸ்டர்னு பேரு. வயசானவரு, மெதுவாத்தான் பேசுவாரு. "இவ ட்ரம்பெட் சார், இவள எங்க கொண்டு போய் உக்கார வச்சிருக்கீங்க"ன்னு கேட்டேன். "தெரியும்மா, வாங்க, ரூம்ல உக்காந்து பேசலாம்"னாரு. "இங்கயே பேசுங்க சார், எல்லாரும் கேக்கட்டும்"னேன். ஹெப்சி பின்னாலேருந்து, "அம்மா, அம்மா"ங்குறா. நான் திரும்பல.

அந்த மனுசன் என்ன கதை சொன்னாரு தெரியுமா? "நாற்காலிய நான் பறிக்கலம்மா. அவளாத்தான் எழுந்திரிச்சுக் குடுத்தா"ன்னாரு. யாராவது முதல் நாற்காலியத் தானா எழுந்திரிச்சுக் குடுப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. நீங்க ஜன்னலோரம் உக்காந்திருக்கீங்க, நான் கேட்டாக் குடுத்துருவீங்களா? சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன், உக்காருங்க.

கம்பி உதட்டை உள்பக்கமாக் கிழிக்குதாம். ட்ரம்பெட்டுல மேல் சுரத்துக்குப் போகணும்னா மவுத்பீஸை உதட்டுல அழுத்தியாகணுமாம், அழுத்துனா உதடு போய்க் கம்பியில மாட்டுதாம், ரத்தம் வருதாம். "வந்த மொத வாரம் எங்களுக்கே தெரியாம மறைச்சு மறைச்சு ஊதியிருக்கா. கர்ச்சீப்பைப் பாத்துதான் எனக்குத் தெரிஞ்சது. இப்ப அவ மடியில இருக்கே, இந்த யூஃபோனியம், இதுக்கு மவுத்பீஸ் பெருசு, உதட்டை அவ்வளவு அமுக்காது. எடுத்துப் பாருன்னேன். நாலே நாள்ல பிடிச்சுக்கிட்டா"ன்னு சொல்றாரு, என்னமோ எனக்கு நல்ல சேதி சொல்ற மாதிரி. அதாவது எம்பொண்ணு வாயில ரத்தம் வர்ற வரைக்கும் ஊத விட்டிருக்காங்க. அதத்தான நான் கேக்கணும்? கேட்டேன். "பெத்தவ நான் ஒருத்தி இருக்கேன்ல, ஒரு போன் பண்ண வேணாமா"ன்னு கேட்டேன். "பண்ணப் போனேன்மா, வேணாம்னு அவதான் தடுத்தா"ன்னாரு. "ஏன் தடுக்கணும்?" "அம்மா ஆசையாப் போட்டு விட்டாங்க, தெரிஞ்சா தாங்க மாட்டாங்கன்னு சொன்னா."

பாருங்கக்கா, எம்பொண்ணு எங்கிட்டச் சொல்லாததை அந்த ஆள்கிட்டச் சொன்னாளாம். நம்பச் சொல்றாரு.

எனக்கு இதுதான் புரியல. கை பழகின சாமானை ஒருத்தர்கிட்டருந்து பிடுங்கலாமா? என் மெஷின்ல ஒருதடவை எங்க நாத்தனார் பொண்ணு உக்காந்து விளையாடிட்டா. வேற ஒண்ணும் பண்ணல, நூலை இறுக்குற திருகாணிய லேசாத் திருப்பி விட்டுட்டா. அந்த வாரம் முழுக்க ஒரு தையல் உருப்படியா விழல. நூல் முடிச்சு முடிச்சா நிக்குது. என்னாலதான் முடியாமப் போச்சோ, கண்ணுதான் போச்சோன்னு நான் அழுதுட்டேன். கை பழகினவங்க சாமான்ல அடுத்தவங்க கை வைக்கக் கூடாதுக்கா. அதச் சொன்னேன் மாஸ்டர்கிட்ட. இதே கதையத்தான் சொன்னேன். அவரு என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. 

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க?

காலைல முதல் வேலையா இவ பையைக் கட்டிட்டேன். இவ கட்டில்ல உக்காந்திருக்கா, எழுந்திரிக்கல. "இன்னைக்கு ஒரு நாள்மா. சாயந்திரம் வாசிச்சுட்டு வந்துர்றேன்"ங்குறா. "எங்க உக்காந்து வாசிப்ப? பின் வரிசையிலயா? மூஞ்சியே தெரியல, உங்க அத்தைக்கு எதை நான் வீடியோ எடுத்து அனுப்புறது?"ன்னு கேட்டேன். அப்ப ஒண்ணு சொன்னா. "அத்தைக்காகவாம்மா நான் வாசிக்கிறேன்"னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் வாயத் தொறக்கல. வாயத் தொறக்காததும் நல்லதுதான், உதடு ஆறணும்ல. உள்பக்கம் பாத்தேன் நேத்து. காட்ட மாட்டேன்னா, தாடையப் பிடிச்சுத் தொறந்து பாத்தேன். பழைய புண்ணு. ஆறிக்கிட்டுத்தான் வருது. ஆறிக்கிட்டு வந்தாலும் புண்ணு புண்ணுதான?

பையைக் கட்டும்போது தலையணைக்கு அடியில இது இருந்துச்சு. இந்தாங்க, இந்த டப்பா. தொறந்து பாருங்க. மெழுகு. வெள்ளை மெழுகு, குச்சி குச்சியா. இதக் கிள்ளி உருட்டிக் கம்பி மேல ஒட்டிக்கிட்டுத்தான் ஊதுறாளாம். வாய்க்குள்ள மெழுகு. முழுங்கித் தொலைச்சா என்ன ஆகும்? பிடுங்கிப் பையில போட்டுட்டேன். "டாக்டர் குடுத்ததும்மா"ங்குறா. எந்த டாக்டரு? கம்பி போட்ட அன்னைக்கு நான்தான கூட இருந்தேன்? எனக்குத் தெரியாம எப்பக் குடுத்தாரு? எல்லாம் அந்த மாஸ்டர் சொல்லிக் குடுத்த பொய்.

இல்ல, கொஞ்ச நேரம் நான் வெளிய இருந்தேன். போன் பேசிக்கிட்டு. அதான் சொன்னேனே.

வாசல் கேட் வரைக்கும் வந்தாரு அந்த மனுசன். கோவமெல்லாம் படல. கோவப்பட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். கை கட்டி நிக்கிறாரு. "கூட்டிட்டுப் போறது உங்க இஷ்டம்மா. ஒண்ணு மட்டும் சொல்றேன். பாட்டு நடுவுல எல்லாரும் நிறுத்திருவாங்க. கொஞ்ச நேரம் இந்த யூஃபோனியம் மட்டும்தான் பேசணும். இத வாசிக்க வேண்டிய பையன் காய்ச்சல்னு வரவே இல்ல. இவள விட்டா இங்க ஆள் கிடையாது. இவ போனா அந்த இடம் சும்மா கிடக்கும்"னாரு. "வேற யாரையாச்சும் உக்கார வச்சுக்கங்க சார், பின் வரிசைதான"ன்னுட்டு நான் வந்துட்டேன். ஹெப்சி அவரப் பாத்துக் கும்பிட்டா. அவரு அவ தலையில கை வச்சாரு. அவ்வளவுதான். அழல. அவ அழுதிருந்தாக்கூட நான் யோசிச்சிருப்பேன்.

அவ நல்லதுக்குத்தான எல்லாம்? நாத்தனார் கேப்பாங்க, கச்சேரி என்னாச்சுன்னு. என்ன சொல்றதுன்னு தெரியல. உடம்பு சரியில்லைன்னு சொல்லிரலாம். உதட்டுல புண்ணுன்னு சொன்னா, எதனாலன்னு கேப்பாங்க.

என்ன கேட்டீங்க?

ஹால்ல நான் கேட்டதா? அதுவா. கனமா ஒரு சத்தம்னு சொன்னேனே, அது. யாரு வாசிச்சதுன்னு நான் கேக்கலையே. நான்தான் தேடிக்கிட்டிருந்தேன்ல, போனைப் பிடிச்சுக்கிட்டு. யாரோ ஒரு புள்ளை. அங்க எத்தனையோ புள்ளைங்க. ட்ரம்பெட் இல்ல அது, ட்ரம்பெட் சத்தம் எனக்குத் தெரியும். கிளாரினெட்டும் இல்ல. மத்தவங்க எல்லாரும் நிறுத்திட்டாங்க, அது மட்டும்.

அது மட்டும்தான் வாசிச்சுக்கிட்டிருந்துச்சு.

கொஞ்சம் இருங்கக்கா.

வீடியோ ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வாசல்லேருந்தே போட்டுட்டேன். அதுல நான் நடக்குறது, தரை, யாரோட காலோ எல்லாம் விழுந்திருக்கும். சத்தமும் விழுந்திருக்கும். இப்பப் போட்டுக் கேக்க முடியாது, வண்டி இரைச்சல். சார்ஜும் இல்ல. கேக்கவும் வேணாம்.

எங்கப்பா குரல் மாதிரி இருந்துச்சுக்கா. ஜெபம் பண்ணும்போது அவரு குரல் அப்படித்தான் இருக்கும்.

வத்தலக்குண்டு வந்துருச்சா? அதுக்குள்ளயா? பத்து நிமிசம் நிக்குமாம், டீ குடிக்கிறவங்க குடிக்கலாமாம். நமக்கு இன்னும் போகணும்.  அவ எழுந்திரிச்சுட்டா பாருங்க. பாத்ரூம் போறாளாயிருக்கும். காலைலேருந்து போகவே இல்ல. ஏய் ஹெப்சி, பாத்துப் போ, பஸ்ஸு பின்னால வரும். கேக்காத மாதிரியே இறங்குறா பாருங்க.

பெட்டியச் சீட்டுலயே வச்சுட்டுப் போயிருக்கா. அந்தப் பெட்டிய அவ ஒருநாளும் கைய விட்டு இறக்க மாட்டா. நம்பி எங்கிட்டயே குடுக்க மாட்டா. இன்னைக்கு அப்படியே போட்டுட்டுப் போறா.

ஏக்கா, எதிர்ல இஞ்சின ஓட விட்டுக்கிட்டு நிக்குதே, அது எந்த வண்டி? போர்டு எனக்குத் தெரியல. மேல போறதா? கொடைக்கானலா?

அந்தப் பச்சை ஸ்வெட்டரு யாரு ஏறுறது?

பாத்தீங்களா. பாத்தீங்களா அவ பண்றத. கையில ஒண்ணுமில்லாம ஏறுறா. முன் சீட்டுல உக்காந்துட்டா. இங்க திரும்பிக்கூடப் பாக்கல. டிக்கெட்டுக்கு என்ன பண்ணுவா? இருங்க, நான் போய்க் கையப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன். இந்த இடத்தக் கொஞ்சம் பாத்துக்கங்க. செருப்பு எங்க போச்சு? பையக் குடுங்க. அது இல்ல, சின்னப் பை.

இந்த டப்பா கீழ விழுந்துருச்சு பாருங்க.

இது எங்கிட்டல்ல இருக்கு.

இது இல்லாம அவ எப்படி ஊதுவா? போய்ச் சேரும்போதே சாயந்திரம் ஆயிரும். அங்க யாருகிட்டப் போய் இதக் கேப்பா? கேக்க மாட்டா. கேக்கவே மாட்டா, எனக்குத் தெரியும். அப்படியே எடுத்து ஊதுவா. வாய் நிறைய ரத்தத்தை வச்சுக்கிட்டு ஒண்ணுமில்லைம்பா.

தம்பி, கண்டக்டர் தம்பி, அந்தக் கொடைக்கானல் வண்டிய ஒரு நிமிசம் நிக்கச் சொல்லுங்க. இன்னொரு டிக்கெட் வருதுன்னு சொல்லுங்க, கையத் தட்டுங்க. அக்கா, முன் சீட்டுல அந்தக் கறுப்புப் பெட்டி, அதைக் கொஞ்சம் எட்டி எடுங்க. பெரியவரே, தண்ணி பாட்டில் உங்க காலுக்கிட்டக் கிடக்கு, அதையும் குடுங்க. பாத்து, பெட்டியில இடிக்காம, உள்ள இருக்கிறது நசுங்கிரும்.

இல்லக்கா, இடம் பிடிச்சு வைக்க வேணாம். யாராவது உக்காந்துக்கட்டும்.